மாட்டுக்கொட்டகைக் கதவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலம்தானே? நான் நலம், கைகால் முழுசாக இருக்கின்றன. போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். விடுதி வார்டன் வந்தால் கடிதம் பாதியில் நின்றுவிடும்.

திட்டாதீர்கள். பந்தயத்துக்காக நீங்கள் வாங்கித் தந்த ஒல்லியான பனிச்சறுக்குப் பலகைகளைக் கடையில் கொடுத்துவிட்டு, இரண்டு மடங்கு அகலமானவற்றை எடுத்துக்கொண்டேன்.

"என்னடி ரோமி, மாட்டுக்கொட்டகைக் கதவைக் கழட்டிட்டு வந்துட்டியா?" என்று பயிற்சியாளர் ஃபால்க்னர் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

செவ்வாயன்று ஒரு மீட்டர் புதுப்பனி. அவருடைய ஒல்லிப் பலகைகள் கத்திபோல உள்ளே இறங்க, இடுப்புவரை புதைந்துவிட்டார். நான் பஞ்சின் மேல் மிதப்பதுபோல அவரைக் கடந்து போனேன். சத்தமே இல்லை அப்பா.

"அடியே, நின்னு என்னைத் தூக்கி விட்டுட்டுப் போடி!"

"கதவு நிக்க மாட்டேங்குது சார்!"

மறுநாள் அவரே ரகசியமாக வந்து, "ஒரே ஒரு தடவை குடேன்" என்றார். மாலைவரை திருப்பித் தரவில்லை.

ஞாயிறு வரும்போது கம்பளிக் காலுறையும் அம்மா செய்யும் கசகசா கேக்கும் கொண்டு வாருங்கள். மற்றவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து பார்சல் வந்துவிட்டது. வந்ததும் முதலில் என் அகலப் பலகைகளில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். அப்புறமும் திட்டத் தோன்றினால், என்னைப் பனியில் துரத்திப் பிடித்துத்தான் திட்ட வேண்டும். உங்களுடையவை ஒல்லிப் பலகைகள், ஞாபகமிருக்கட்டும்.

படியில் செருப்புச் சத்தம். சீக்கிரம் வாங்கப்பா.

ரோமி