பேரம் பேசாத ஆள்

12.8.2008, செவ்வாய்

எங்கள் மைக்செட் கடையின் பழைய ஆம்ப்ளிஃபயரை இன்டர்நெட்டில் விற்கப் போட்டிருந்தோம். ஒருவன் நாங்கள் கேட்ட விலைக்கு மேலே செக் அனுப்பிவிட்டு, மிச்சத்தை உடனே ரொக்கமாகத் திருப்பி அனுப்பச் சொன்னான். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

“தங்கமான ஆளுடி! ஒரு ரூவா கொறைக்கச் சொல்லல.”

“அதான் இடிக்குது. என்னயக் கட்டிக்கவே உங்க வீட்டுல ரெண்டு பவுனுக்கு மல்லுக்கட்டுனாக. இந்த ஓட்ட செட்டுக்குக் கேட்டதுக்கு மேல ஒருத்தன் குடுப்பானா?”

அவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் செக்கை வங்கியில் காட்டினேன். போலியாம். மிச்சம் என்று அனுப்பியிருந்தால் எங்கள் கைக்காசுதான் போயிருக்கும். வீடு வரும்வரை வீட்டுக்காரர் என்னை “முதலாளியம்மா” என்றே கூப்பிட்டார். நானும் மறுக்கவில்லை.

சாயங்காலம் மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் வந்தார். செட்டைத் தட்டிப் பார்த்து, நொட்டை சொல்லி, பாதி விலைக்குக் கேட்டார். அப்போதுதான் மனசு நிம்மதியானது. முக்கால் விலைக்கு முடித்தேன்.