கல்லூரி ஏற்றுக்கொண்ட காரணம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே மழை விடவில்லை. அம்மா நலம். என்னைப் பற்றித்தான் சந்தேகமாக இருக்கிறது.

நேற்று லான்மடா பேட்டையிலிருந்து பாப்பம்மாள் அழுதுகொண்டே வந்தார். கதவைத் திறந்த என்னைப் பார்த்து அலறிவிட்டார்.

"முருகா! சயா, ஐயா, நீங்க உயிரோட இருக்கீங்களா? போய்ட்டீங்கன்னு மக அமெரிக்காவுலேர்ந்து போன் பண்ணுச்சே!"

"இவரு எங்க போவாரு? மார்க்கெட்டுக்கே போகமாட்டாரு" என்றாள் அம்மா.

அவர் மகள் உன் கல்லூரியில் படிப்பவள். ஆகவே வரிசையாக யோசித்தேன். போன பருவத்தில் நீ தேறவில்லை. உதவித்தொகை நின்றிருக்க வேண்டும். குடும்பக் காரணம் எழுதிக் கொடுத்ததால் இன்னொரு பருவத்துக்கு மட்டும் நீட்டினார்கள் என்றாய். என்ன காரணம் என்று கேட்டபோது போன் துண்டிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு நீ அம்மாவிடம் மட்டுமே பேசுகிறாய்.

நான் தவறாகவும் கணித்திருக்கலாம். நேராகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

உதவித்தொகை போனால் நீ திரும்பி வர வேண்டும். இங்கே ராணுவ ஆட்சியில் உன் வயதுப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள். அதனால் மகளிடம் எதையும் மறுத்துச் சொல்ல வேண்டாம் என்று பாப்பம்மாளைக் கேட்டுக்கொண்டேன்.

இந்தப் பருவம் எப்படியாவது தேறிவிடு. அடுத்த முறை காரணமாக எழுத வீட்டில் உன் அம்மா மட்டும்தான் மிச்சம்.

இன்றுவரை நலமாக இருக்கும்,
உன் அப்பா