முதுகில் இருபது கட்டம்

பங்குனி 10, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. புதுக்கோட்டைக்கு, தோல் டாக்டரம்மாவிடம். (எனக்கு எழுதத் தெரியாது. போனில் மைக்கைத் தொட்டுச் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது. யாரும் பார்க்கப்போவதில்லை.)

"கையில இது எப்பலேர்ந்து?" என்றார். புதுக்கோட்டை தனி மாவட்டமான வருடம் என்றேன். சிரித்துவிட்டார். அந்த வருடம்தான் இலுப்பூரில் ஒரு அரிசி ஆலைக்கு அஸ்திவாரம். வெறுங்கையால் சிமெண்ட் குழைத்தவர்கள் ஐந்து பேர்: மாரி, சுப்பையா, பெரிய கருப்பன், நான், சித்தாள் அடைக்காயி. கை வெடித்தது எனக்கும் அவளுக்கும் மட்டும். தோல் கரப்பான் என்றார்கள். கத்தரிக்காய், கருவாடு இரண்டும் எங்கள் இருவருக்கும் அன்றோடு நிறுத்தம்.

காத்திருந்த பெஞ்சில் நல்ல பொழுதுபோக்கு. புண் எங்கே என்று பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். நெற்றி நடுவில் வட்டமாக: ஒட்டுப்பொட்டு. பாதத்தில் வார் போட்ட மாதிரி: ரப்பர் செருப்பு. தொப்புளுக்குக் கீழே காசளவு: பேண்ட் பொத்தான். மீசை ஓரம், காது மடல்: முடிக்கு அடிக்கும் டை. முகமும் கழுத்தும்: வயலில் பார்த்தீனியம் பிடுங்கியவர்.

பொட்டுக்கார அம்மா கேட்டது: "ஒங்களுக்கு எங்கிட்டு?" கையைக் காட்டினேன். "கொத்தனாரா! சொல்லவே வேணாம்."

முதுகில் பசைத்தாள். இருபது கட்டம், எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கக் கட்டத்துக்கு ஒரு சாமான். நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாதாம். பங்குனியில்!

மருமகள் கவிதாவுக்குப் போன் போட்டேன். "ஒட்டிருச்சும்மா, முதுகு பூரா ஒட்டிருச்சு." லைன் கட்.

வீட்டுக்கு வந்தால் தொட்டில் உள் அறைக்குப் போயிருக்கிறது. பேத்தி பிறந்து நாற்பது நாள். என் கையைப் பார்த்துப் பயந்து இன்னும் ஒருமுறைகூடத் தூக்கக் கொடுக்கவில்லை. இப்போது முதுகும் சேர்ந்துகொண்டது.

செவ்வாய்

"ஒட்டுனது தாளும்மா, நோவு இல்ல." சட்டையைத் தூக்கிக் காட்டினேன். கவிதாவுக்கே சிரிப்பு. ஆனாலும்: "இருக்கட்டும் மாமா. வெள்ளிக்கெழம டாக்டர் என்ன சொல்றாகன்னு பாப்போம்."

கெட்டவள் இல்லை. தலைப்பிள்ளைக்காரி, பயப்படுகிறாள்.

இடது பக்கம், மேலிருந்து இரண்டாவது கட்டம், பயங்கர அரிப்பு. நிலைக்கதவில் தேய்க்க எழுந்து, ஞாபகம் வந்து, உட்கார்ந்தேன். மூன்று தடவை.

புதன்

தாளை உரித்தார்கள். பேனாவால் முதுகில் கோடு. குளியல் இன்றும் இல்லை. பூனைகூட விலகிப் போகிறது.

வெள்ளி

கவிதாவும் பிள்ளையோடு வந்தாள். இடது பக்கம் இரண்டாவது கட்டம்தான் சிவந்து தடித்திருக்கிறது. சிமெண்டில் இருக்கும் ஏதோ உப்பாம். மற்ற பத்தொன்பதும் சுத்தம்.

கவிதா: "புள்ளைக்கு ஒட்டிக்கிருமா டாக்டர்?"

"தாத்தா கையி சிமெண்டோட கோவிச்சுக்கிட்டிருக்கு. அதுக்குப் புள்ள என்னம்மா பண்ணும்? ஒட்டாது. குடுங்க."

நான்: "கத்தரிக்கா, கருவாடு?"

"நல்லாச் சாப்புடுங்க. யாரு வேணாம்னது?"

ஐம்பது வருடம்! நான் சிரித்த சத்தம் கேட்டு வெளியிலிருந்து பொட்டுக்கார அம்மா குரல்: "கொத்தனாரே, பாஸா பெயிலா?"

அந்த அறையிலேயே கவிதா பிள்ளையைக் கொடுத்தாள். ஒன்றரைச் செங்கல் கனம். வெடித்த விரலாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை.

சாயங்காலம் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. மூன்றாம் தடவை சோறு. "மாமா, மூச்சு விட்டுட்டுச் சாப்புடுங்க."

மீதிக் குழம்பைத் தூக்குவாளியில் மூடச் சொன்னேன். நாளை முதல் பஸ், இலுப்பூர். அன்று என்னோடு வெடித்த அந்தக் கையையும் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். கத்தரிக்காய், கருவாடு இரண்டையும் வாயில் வைக்காமல், ஒரு பேரப்பிள்ளையையும் தூக்காமல் இத்தனை வருடம். மாரி போய்விட்டான். சுப்பையா, பெரிய கருப்பன் போய்விட்டார்கள். என்னைத் தவிர இன்று இருப்பது அடைக்காயி மட்டும்தான்.