எண்பத்தொன்றரை விநாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் வாயெடுத்தாலே "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்கிறாய், அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. ஆனால் போன வாரக் காற்றில் நம் வீட்டு அலமாரிக் கதவு தானாகத் திறந்து திறந்து மூடியது, அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தோராம் மாடி அல்லவா. "நம்ம பொண்ணு கணக்குப் போட்ட கட்டிடம், ஒண்ணும் ஆகாது" என்று எனக்கே தைரியம் சொன்னாள்.

இந்தக் கட்டிடத்து லிஃப்ட் மெக்கானிக்தானே அப்பா, அவருக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. உச்சியில் நீ தொங்கவிட்ட இரும்புக் குண்டு, கட்டிடம் ஆடும்போது எதிராக ஆடி அதை அடக்க வேண்டும், அதுதானே அதன் வேலை. முதல் நாள் நீங்கள் அதை ஒரு சாண் இழுத்துவிட்டு நேரம் பார்த்தீர்கள். இருபது ஆட்டத்துக்கு எண்பது விநாடி, கட்டிடத்தின் ஆட்டமும் அதே எண்பது, கச்சிதம். நானும் பக்கத்தில் நின்று பூரித்துப்போனேன். இரண்டு மாதம் முன்பு அடித்த காற்றிலோ குண்டு ஓர் ஆள் நீளத்துக்கு வீசியது. வாட்சை வைத்து எண்ணினேன், அதே இருபது ஆட்டத்துக்கு எண்பத்தொன்றரை. வீச்சு பெரிதானால் ஆட்டம் மெதுவாகிறது, கட்டிடத்தோடு ஒத்துப்போகாமல் பின்தங்குகிறது. சின்னக் காற்றை அடக்குகிற குண்டு பெரிய காற்றில் கைவிடுகிறது. சொன்னதற்கு நீ, "சின்ன வித்தியாசம்தான்ப்பா, யார்கிட்டயும் வாய் திறக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றாய். பெற்ற பாசம், நானும் வாயை மூடிக்கொண்டேன். போன வாரம் மறுபடி எண்ணினேன், அதே எண்பத்தொன்றரை. மறுநாள் லிஃப்டில் மேல்மாடிக்காரர் ஒருவர் கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு, "இந்த ஆட்டம் வழக்கம்தானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று பொய்யாகத் தலையாட்டினேன்.

நேற்று குண்டு அறை ரிஜிஸ்டரில் "பெரிய காற்றில் எண்பத்தொன்றரை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் "எண்பது, சரி" என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டதற்கு அடியில்தான் இடம் இருந்தது. புதன்கிழமை அது கட்டிட மேனேஜர் மேசைக்குப் போகும். உன் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இருக்கிறது, ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை. இந்தக் கடிதம் திங்களன்றே உனக்குக் கிடைத்துவிடும். அதற்குள் நீயே அவருக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது, குண்டைச் சரிசெய்யும்வரை காற்று நாட்களில் மேல்மாடிகளில் யாரையும் வைக்காதீர்கள் என்று சொல்லிவிடு. நான் சொல்லித் தெரிவதைவிட நீ சொல்லித் தெரியட்டும்.

என்மேல் கோபம் வந்தால் திட்டு, சாப்பாட்டில் காட்டாதே. எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து நன்றாக இரு, என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவளிடமும் நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்ட
அப்பா