தரையில் விடாத பிள்ளை

15-7-1981, புதன்

ஒன்பது மாதமாகியும் முருகன் உட்காரவில்லை. இன்று ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் மலையாளத்து நர்ஸ் பாயில் உட்கார வைத்ததும் அப்படியே சரிந்தான். "எப்பவும் தூளியில கிடந்தா குட்டி எங்ஙனெ உட்காரும்? தரையில விடணும், கேட்டோ," என்றாள். முதுகில் ஏதேனும் கோளாறோ என்று தடவித் தடவிப் பார்த்தேன்.

தரையில் எப்படி விடுவேன்? இவருக்குக் கொச்சங்காடி மிளகாய்க் கிடங்கில் வேலை. சட்டையோடு வரும் தூள் வீடெல்லாம் கிடக்கிறது. சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, பாய் விரித்துக் குப்புற விட்டேன். தும்மினான். கண்ணைக் கசக்கி அலறினான்.

"எடுக்காத, கொஞ்சம் பொறு," என்றார் இவர்.

அலறிக்கொண்டே கையை ஊன்றித் தலையை நிமிர்த்தினான். எழுந்து உட்காருவானா என்று பார்க்கக்கூடப் பொறுக்காமல் தூக்கித் தூளியில் போட்டுவிட்டேன்.

நாளை அவன் அலறும்போது என் கைகளை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.