பாயை விட்டுப் போன கிண்ணம்

டியெப்பின் அம்மாவுக்கு,

பரீட்சையைக் காரணம் காட்டிப் நம் பிள்ளையின் சோற்றுக் கிண்ணத்தை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் பாயிலிருந்து அவள் படிப்பு மேசைக்கு மாற்றினாயே, அது தப்பு. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். மீன் குழம்பு தெறித்துக் கை கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான்.

அவள் இப்போது பேசுவதே இல்லை என்று நீ எழுதியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பேச எங்கே இடம் வைத்தாய்? நான் சமைக்கும் இந்த சைகோன் ஆலை விடுதியில் ஞாய் என்றொரு பெண் தினமும் சுவரைப் பார்த்துத் தனியாகச் சாப்பிடுவாள். நேற்று அவள் கிண்ணத்தைப் பிடுங்கி என் மேசையில் வைத்தேன். உண்ணும் முன் பெரியவரைச் சாப்பிட அழைப்பது நம் வழக்கமாயிற்றே, அழைக்காமல் சோற்றுக் குச்சியைத் தொடுவாளா? "சாப்பிடுங்க மாமா" என்றாள். அப்படி அழைக்க ஆளில்லாமல் எத்தனை நாள் ஆயிற்றோ, சொன்னதும் அழுதுவிட்டாள்.

"என்ன மாமா, குழம்புல அவ்வளவு காரமா?" என்று பக்கத்து மேசைப் பெண்கள் கேலி செய்தார்கள்.

"ஆமாடி, கண்ணுலயே ஏறிடுச்சு" என்று அவளே சிரித்தாள். பிறகு ஊர்க்கதை பேசிக்கொண்டே மறுசோறு வாங்கினாள்.

உலை பொங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். நீ இன்றே கிண்ணத்தைப் பாய்க்குக் கொண்டு வா. சாப்பிடும்போது உங்களோடு இருக்கும் உன் தம்பி அவள் மதிப்பெண்ணைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. டியெப் அழைக்கும்வரை யாரும் குச்சியைத் தொடவேண்டாம். என் கிண்ணத்தையும் வை. நான் அங்கே இல்லாவிட்டாலும் அவள் என்னையும் அழைக்கட்டும்.