இரண்டு டப்பாவுக்கு நடுவில் ஒரு கறுப்பு ஒயர்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், போனில் நீ இழுத்துச் சொல்லும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதை மட்டும் நான் நம்புவதில்லை. சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியால்தான், டாக்டர் தன் மாத்திரையால் என்கிறார், சொல்லிக்கொள்ளட்டும். முன்னறையில் நீ விட்டுப்போன பின்பால் பெட்டி, அந்தக் குண்டு விளையாட்டு மெஷின்தான் சரியில்லாமல் இருந்தது. போனில் சொன்னால் சித்தி குறுக்கே புகுந்து திருத்துவாள், அதனால் எழுதுகிறேன்.

அதற்கு நீ அனுப்பிய புது சர்க்யூட் போர்டு வந்த நாளிலிருந்தே எனக்கு ரேடியோ மெக்கானிக் மேல் ஒரு கண். பத்து வருஷமாக ஞாயிறு தவறாமல் வருகிறவன், அந்தப் பெட்டிக்குப் பலகை அறுத்ததில் பாதி அவன் உழைப்பு, முக்கால்வாசி என் உழைப்பு, அதெல்லாம் சரி. ஆனால் போர்டு இருந்த அட்டைப்பெட்டி என் கைக்கு வரும்போதே பிரித்திருந்தது. பழைய போர்டைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று கடைக்குக் கொண்டுபோனான், எதைச் சோதிக்க? பெட்டியின் பின்கதவைத் திறந்து வேலை செய்கிறவன் நான் பக்கத்தில் வந்தால் சாத்துகிறான். உன்னோடு போனில் பேசும்போது குரலை இறக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறான். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன்தான் நான், ஆனாலும் பத்தாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைப் படம் விடாமல் பார்த்தவன், என்னிடமா.

அவன் இல்லாத ஒரு மத்தியானம் பின்கதவைத் திறந்து பார்த்தேன். பழைய ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக இழுத்திருந்தான், சுத்தமான வேலைதான், ஒளிக்க ஏதாவது இருக்கிறவன்தான் இவ்வளவு சுத்தமாக வேலை செய்வான். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் டப்பா ஒன்று, காந்தச் சுருள்களுக்குக் கொடுக்கும் டப்பா ஒன்று. அது இது கூட ஒட்டக்கூடாது, சம்பந்திகள் மாதிரி தள்ளித் தள்ளி இருந்தால்தான் நல்லது என்பது என் கணக்கு. இவனோ இரண்டின் மைனஸையும் ஒரு கறுப்பு ஒயரால் சேர்த்து வைத்திருக்கிறான், யாருக்கும் தெரியாதபடி மூலையோடு மூலையாக. நாளைக்கே கெட்டுப்போய் மறுபடி தன்னைக் கூப்பிடவேண்டும் என்று வைத்த பொறி என்று எனக்குப் பட்டது. அறுத்து எடுத்துவிட்டேன்.

அந்த வாரமே நாற்பது பேரைக் கூப்பிட்டு மெஷினைக் காட்டினேன், சித்தி எட்டிப் பார்க்கிறாள், சரி நாலு பேர். மருந்துக் கடைக்காரர், தையல்காரர், மாடி வீட்டு வாத்தியார், அவர் சம்சாரம். நிஜக் குண்டு கிடையாது, படுக்கவைத்த டிவியில் ஓடும் குண்டுதான், ஆனால் பட்டனை அமுக்கினால் உள்ளே சுருள் மரத்தில் டக்கென்று அடித்து நிஜ மெஷின் மாதிரி உங்கள் கையை உதைக்கும் என்று விளக்கிவிட்டு அமுக்கினேன். திரையில் குண்டு பறந்தது, உள்ளே செத்த அமைதி. கையை எடுத்ததும் தானாக ஒரு டக். வாத்தியார் சம்சாரம் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மெக்கானிக் அங்கேதான் நின்றான். பழைய போர்டையே மாட்டிவிட்டுப் புதுசை அமுக்கிக்கொண்டாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவன் உள்ளே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான், நிமிர்ந்தான், மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். திருட்டுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றுதான் அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன்.

மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. சித்தி மூன்று வாரமும் அவனுக்கும் சேர்த்துத் தண்ணீர் கொதிக்கவைத்து, டீயை அவளே குடித்தாள். நாலாவது வாரம் பின்கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த, நீ போட்ட ஒயர் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்தக் கறுப்பு ஒயர் உன் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டு மைனஸும் சேர்ந்தால்தான் போர்டு சொல்வது சுருளுக்குக் கேட்கும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய், எறும்பு எழுத்தில்.

கடை வாசலை இரண்டு தரம் கடந்துபோனேன், மூன்றாம் தரம் உள்ளே போனேன். அவன் ஒரு ரேடியோவுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான், தலை தூக்கவில்லை. அந்த ஒயரைத் துண்டித்தது நான்தான் என்றேன்.

"தெரியும்ணே," என்றான். "பல்லால கடிச்ச ஒயர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா."

ஒயரைப் பல்லால் கடித்து அறுக்கிறவன் இந்தத் தெருவில் நான் ஒருத்தன்தான். அப்புறம் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாலு பேர் நின்னாங்களே," என்றான்.

மகளே, அந்த நாலு பேரையும் மறுபடி வீட்டுக்கு வரவழைத்து, அவனையும் நிற்கவைத்து, கடித்தது நான், திருடன் என்று சொன்னதும் நான் என்று சொன்னேன். கொஞ்சம் அலங்காரம் சேர்க்க வாய் துடித்தது, சேர்க்கவில்லை. அவன் கதவைத் திறந்து புது ஒயரைப் போட்டான், பட்டனை என்னை அமுக்கச் சொன்னான், உதைத்தது.

என் கையில் குறடு கொடுக்காதே என்று போனில் அவனிடம் ரகசியமாகச் சொன்னவள் நீதானாம், அதை நீ வரும்போது பேசிக்கொள்வோம். உடம்பைப் பார்த்துக்கொள், நினைத்ததெல்லாம் நடந்து நிறைவாக இரு. இனிமேல் படம் போட்டால் எழுத்தைப் பெரிதாகப் போடு. மெக்கானிக்குக்கு ஒரு போன் பண்ணு, வாசலுக்குப் போகாமல் என் எதிரிலேயே உட்கார்ந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த சித்தப்பா